முயலுக்குத் தடுப்பூசி கேட்டு வந்த வீடு

பின்னணி

பாளையங்கோட்டையை அடுத்து, பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு சிற்றூர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் அங்கே வசிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த பேரனுக்காக வாங்கிய ஒரு ஜோடி முயல், இரண்டு ஆண்டுகளில் ஒரு கூட்டமாகிவிட்டது. கறிக்கு வளர்க்கவில்லை, விற்கவும் இல்லை. கேட்டவர்களுக்குக் குட்டிகளைக் கொடுத்தது போக மீதம் வீட்டிலேயே இருந்தது.

சம்பவம் தொடங்கிய ஏப்ரல் மாதத்தில் அங்கே பதினேழு முயல்கள் இருந்தன. வளர்ந்தவை ஆறு, தாயிடமிருந்து பிரித்த ஆறு முதல் ஒன்பது வாரக் குட்டிகள் ஒன்பது, வாரச் சந்தை ஒன்றில் புதிதாக வாங்கி வந்தவை இரண்டு. புதியவற்றைக் குட்டிகளோடு ஒரே கூண்டில் விட்டிருந்தார்கள். "தனியாக இருந்தால் பயப்படும், பாவம்" என்று ஆசிரியரின் மனைவி பின்னர் எங்களிடம் சொன்னார்.

கூண்டுகள் மரத்தால் ஆனவை. தரை பலகை, அதன் மேல் மரத்தூள். மரத்தூளை வாரம் ஒரு முறை மாற்றுவார்கள். கொட்டகையின் கூரை தகரம், ஆள் நின்றால் தலை இடிக்கிற உயரம். தீவனம் வாய்க்கால் கரையில் அறுத்த புல், அகத்தி, முருங்கைக் கீரை, கொஞ்சம் கோதுமைத் தவிடு. பாசத்தில் எந்தக் குறையும் இல்லை.

மூத்த மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் வீட்டிலும் இரண்டு முயல்கள் உண்டு. பின்னால் வரும் குழப்பத்தில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

முதல் ஐந்து நாட்கள்

முதல் நாள் காலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் இன்னொன்று. ஆசிரியர் பழக்கத்தை விடாதவர். கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், எந்தக் கூண்டு என்று எழுதி, சாவுகளை மட்டும் விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த ஆய்வை எழுதியிருக்க முடியாது.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரான எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். குட்டிகள் வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன, சாணம் இளகலாக இருக்கிறது என்றார். அன்றைக்குச் சிகிச்சையகத்தில் கூட்டம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், பச்சைக் கீரையை நிறுத்தி உலர்ந்த புல் மட்டும் போடுங்கள், இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. இவை இரண்டும் என் தவறுகள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒவ்வொரு குட்டி போனது. ஐந்தாம் நாள்தான் வீடே கலங்கியது. மதியம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், நல்ல சதைப்பிடிப்போடு இருந்த வளர்ந்த பெண் முயல்கள் இரண்டு அடுத்தடுத்துச் செத்தன. காலையில் இரண்டும் தீவனம் தின்றிருந்தன. ஒன்றின் மூக்கில் ரத்தம் கலந்த நுரை.

லெஸ்டரிலிருந்து வந்த எச்சரிக்கை

அன்று இரவு மகளிடம் பேசும்போது மூக்கில் ரத்தம் என்று ஆசிரியர் சொல்ல, அவர் பதறிவிட்டார். ஆர்.எச்.டி. எனப்படும் முயல் ரத்தக்கசிவு நோயாகத்தான் இருக்கும், உடனே எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போடுங்கள், அங்கே கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் ஊருக்கு வரும் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் காலை ஆசிரியர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மடியில் வயர் கூடை. அதற்குள் பனிக்கட்டிப் பொட்டலங்களுக்கு நடுவே, நாளிதழில் சுற்றிய ஒரு குட்டியும் ஒரு பெரிய முயலும். இன்னொரு பெரிய முயலை முந்தின இரவே தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

"டாக்டர், செத்ததைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? இருப்பதற்கு ஊசி போட்டுவிடுங்கள்" என்றார்.

"எந்த நோய்க்கு ஊசி போடுவது என்று இது சொல்லும் ஐயா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கூடையைக் கொடுத்தார்.

மேசையில் கண்டது

குட்டிக்கு எட்டு வாரம். எடை 480 கிராம். ஏறக்குறைய ஒரு கிலோவை நெருங்கியிருக்க வேண்டிய வயது. முதுகெலும்பு கையில் இடறியது, வயிறு மட்டும் பானை. திறந்ததும் கல்லீரல்தான் கண்ணில் பட்டது. வழக்கமான அளவைவிடப் பல மடங்கு வீங்கி, வெளிர்மஞ்சள் நிறத்தில் தினை முதல் துவரம்பருப்பு வரையிலான முடிச்சுகள் பித்தக் குழாய்களின் வழியே வரிசை கட்டியிருந்தன. ஒன்றைக் கீறினால் தயிர் போன்ற திரவம். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தபோது முட்டை வடிவக் கூடுகள் திரளாகத் தெரிந்தன. எய்மீரியா ஸ்டீடே. கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சல் என்று சொல்லும் காக்சிடியா கிருமியின் இனம். முயலில் இது கல்லீரலைப் பிடிக்கும், கழிச்சலில் ரத்தம் காட்டாது. வைரஸ் அல்ல, ஒற்றைச்செல் ஒட்டுண்ணி.

பெரிய முயலின் கதை வேறு. உடம்பில் கொழுப்பு நிறைய. கல்லீரலில் முடிச்சு இல்லை. நுரையீரல் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தது, மூச்சுக்குழாயில் நுரை. மண்ணீரல் வீங்கவில்லை. ரத்தக்கசிவு நோயில் கல்லீரல் வெளிறி, உடையும் பதத்தில், வலைப் பின்னல் போன்ற கோடுகளோடு இருக்கும். மண்ணீரல் கறுத்து வீங்கும். இங்கே இரண்டும் இல்லை. ஆனால் வெயில் தாக்கிச் செத்த முயலிலும் நுரையீரல் ரத்தம் கட்டி மூக்கில் செந்நுரை வரும். வெறும் கண்ணால் இரண்டையும் எப்போதும் பிரித்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கே போனேன். தகரக் கொட்டகைக்குள், முயல் படுக்கும் உயரத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டு மறுநாள் மதியம் வரை விட்டுவைத்தோம். மூன்று மணிக்கு 43 டிகிரி. முயலுக்கு வியர்க்காது. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கியமான வழி காதுகள். முப்பதைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். செத்த இரண்டும் சினையாக இருந்தவை. கூரைக்கு மிக நெருங்கிய மேல் தட்டுக் கூண்டில் இருந்தவை. கீழ்த் தட்டில் இருந்த ஆண் முயல் உயிரோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

புதிதாக வாங்கிய இரண்டின் சாணத்தையும் பார்த்தேன். பார்வைக்குப் பளபளவென்று இருந்த அவற்றின் சாணத்தில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கிருமிக் கூடுகள் இருந்தன. வாங்கி இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. நோய் தொற்றிச் சாவு வரை ஆகும் நாட்களோடு கணக்கு பொருந்துகிறது. ஆனால் பழைய தாய் முயல்களிடமும் கொஞ்சம் இருந்தது. ஆகவே பழியை முழுக்கச் சந்தை முயல்கள் மேல் போட நான் தயாரில்லை. இருந்த நெருப்பில் அவை எண்ணெய் ஊற்றியிருக்கலாம்.

விடுபட்டிருந்த ஒரு தகவல்

வீட்டில் சுற்றிப் பார்த்தபோது கூண்டின் மேல் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் பாட்டில் ஒன்று இருந்தது. பேரனுக்கு வாங்கியதில் மீதம். இரண்டாம் நாளிலிருந்து நோயுற்ற குட்டிகளுக்கு வாய்வழியே கொடுத்து வந்திருக்கிறார்கள். முயலின் பெருங்குடல் பையில் வாழும் நல்ல கிருமிகளை இந்த வகை மருந்து அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சுக் கிருமிகள் பெருகி, கழிச்சலில் முயல் செத்துப்போகும். பென்சிலின் குடும்பத்து மருந்தை முயலுக்கு வாய்வழியே கொடுக்கவே கூடாது. நாய்க்கும் மனிதருக்கும் நல்லது முயலுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். தொலைபேசியில் நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் மூன்று நாள் முன்பே அது நின்றிருக்கும்.

தடுப்பூசி வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம்

மகள் சொன்னது அவர் ஊருக்கு முழுக்கச் சரி. அதை முதலில் ஆசிரியருக்கு விளக்கினேன், இல்லாவிட்டால் மகளுக்கும் எனக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்வார்.

நாம் வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய இனம். இங்கிலாந்தில் அதே இனம் வயலெல்லாம் காட்டு விலங்காகத் திரிகிறது. மிக்சோமாடோசிஸ் என்ற வைரஸ் நோய் அங்கே 1953இல் நுழைந்தது. தெள்ளுப்பூச்சியும் கொசுவும் அதை ஒரு முயலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகின்றன. கண் இமையும் முகமும் வீங்கி, சீழ் வடிந்து, பெரும்பாலும் சாவில் முடியும். ரத்தக்கசிவு நோய் 1984இல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்டது. அதன் இரண்டாம் வகை 2010இல் பிரான்சில் தோன்றி, 2020இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு முயல்களிடமும் பரவியது. இந்த வைரஸ் புல்லில், செருப்பில், ஈயின் காலில் கூட வரும். வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தாலும் தப்ப முடியாது. எனவே அங்கே ஐந்து வார வயதிலிருந்தே ஊசி போடலாம். ஆண்டுக்கு ஒரு முறை தொடர வேண்டும். மிக்சோமா வைரஸையே மாற்றியமைத்து, அதில் ரத்தக்கசிவு வைரஸின் ஒரு புரதத்தைச் சேர்த்து, ஒரே ஊசியில் இரண்டு நோய்க்கும் எதிர்ப்புச் சக்தி தரும் மருந்து அங்கே புழக்கத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துப் புதர்களில் ஓடுவது காட்டு முயல், வேறு பேரினம். ஐரோப்பிய முயல் இங்கே காட்டில் இல்லை. காட்டில் திரியும் ஐரோப்பிய முயலிடமிருந்து நோய் வீட்டுக்குள் நுழையும் அந்தப் பாதை இங்கே இல்லை. எனக்குத் தெரிந்த கால்நடை மருந்துக் கடைகளில் விசாரித்தேன்; முயலுக்கான இந்தத் தடுப்பூசி எங்கும் இருப்பில் இல்லை.

பெட்டியில் போட்டு அனுப்பும் யோசனையை மறுத்தேன். உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பு மருந்தை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். விமானம், சென்னை, அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸ் என்று வந்து சேரும்போது சீசாவில் மருந்து இருக்கும், சத்து இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசி எந்தக் கிருமிக்குச் செய்ததோ அந்தக் கிருமியை மட்டுமே தடுக்கும். போட்டு மூன்று வாரம் கழித்துத்தான் காப்பு வரும். இந்த வீட்டில் செத்துக்கொண்டிருந்தவை காக்சிடியாவாலும் தகரக் கூரையாலும் செத்தன. ஊசி போட்டிருந்தால் ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் கூரை அப்படியே இருந்திருக்கும்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதையும் எடைபோட்டேன். பழைய வகை ரத்தக்கசிவு நோய் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை அநேகமாக விட்டுவிடும். இங்கே முதலில் குட்டிகள்தாம் செத்தன என்பதால் அது இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டாம் வகை குட்டிகளையும் கொல்லும். ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவில்லை. குட்டிகள் நாட்கணக்கில் மெலிந்து செத்தன, வைரஸ் அவ்வளவு அவகாசம் தராது. பெரியவற்றில் வெப்பமான தட்டில் இருந்தவை மட்டும் செத்தன, ஒரே காற்றையும் தீவனத்தையும் பகிர்ந்த மற்ற நான்கும் நன்றாக இருந்தன. இந்த இரண்டும்தான் என் முடிவின் தூண்கள்.

செய்தவை

அமாக்சிசிலினை அன்றே நிறுத்தினோம். உயிரோடு இருந்த பதினொன்றுக்கும் காக்சிடியாவை ஒடுக்கும் டோல்ட்ராசூரில் மருந்தைத் தண்ணீரில் இரண்டு நாள், ஐந்து நாள் இடைவெளி, மறுபடி இரண்டு நாள் கொடுத்தோம். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் குட்டியின் கல்லீரல் துண்டை அனுப்பினேன். காக்சிடியா என்பதை அவர்களும் உறுதிசெய்தார்கள்.

மருந்தைவிடக் கூண்டுதான் பெரிய வேலை. கிருமிக் கூடு சாணத்தோடு விழுந்தவுடன் தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்து இரண்டு மூன்று நாள் ஆனபின்தான் தொற்றும் தன்மை பெறும். வாரம் ஒரு முறை மாற்றிய மரத்தூளில் அதற்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. பலகைத் தரையை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டோம், கால் புண்ணாகாமல் ஒரு மூலையில் மட்டும் பலகை. சாணத்தைத் தினமும் காலையில் அள்ளி எரிகுழியில் போட்டார்கள். ஃபினாயில் இந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது. கொதிக்கும் நீரை ஊற்றித்தான் ஆக வேண்டும். நெல் அவிக்கும் பெரிய அண்டாவை ஆசிரியரின் மனைவி இதற்காக இறக்கிக் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மதியம் நனைந்த சாக்கு தொங்கவிட்டார்கள். மேல் தட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு மண்பானையைப் படுக்கவைத்து வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டாம் நாளே முயல்கள் பானைக்குள் நீட்டிப் படுத்து, காதை மட்டும் வெளியே விட்டிருந்தன.

சந்தை முயல்கள் இரண்டும் மாடிப்படிக்கு அடியில் தனிக் கூண்டுக்குப் போயின. தனித் தட்டு, தனித் துடைப்பம். பழைய முயல்களுக்குத் தீவனம் போட்ட பிறகுதான் அங்கே போக வேண்டும், திரும்பி வரக் கூடாது.

பிறகு நடந்தது

சிகிச்சை தொடங்கிய இரண்டாம் நாள் ஒரு குட்டியும் ஐந்தாம் நாள் இன்னொன்றும் செத்தன. இரண்டாவதுக்கு நீராகக் கழிச்சல். கல்லீரலில் முடிச்சுகள் குறைவு. சிரப் அதிகம் குடித்தது அதுதான் என்று ஆசிரியரின் நோட்டு சொன்னது. அவர் மனைவி அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அதன் பின் சாவு இல்லை. மொத்தம் எட்டு போய் ஒன்பது மிஞ்சின: வளர்ந்தவை நான்கு, குட்டிகள் மூன்று, சந்தையில் வாங்கியவை இரண்டு. மூன்று வாரம் கழித்துச் சாணத்தைப் பார்த்தபோது கிருமிக் கூடுகள் மிகச் சில. கத்திரி வெயிலில் கொட்டகைக்குள் அதிகபட்சம் 36 டிகிரி. அதுவும் குறைவில்லை, ஆனால் ஒன்றும் விழவில்லை. ஜூனில் குற்றாலச் சாரலின் காற்று இந்தப் பக்கமும் வந்துவிட்டது.

மகள் ஆகஸ்டில் ஊருக்கு வந்தார். சிகிச்சையகத்துக்கு வந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார், நியாயமான கேள்விகள். "வைரஸ் இல்லை என்று சோதனை செய்து பார்த்தீர்களா?" என்பது அதில் ஒன்று. பார்க்கவில்லை என்றேன்.

இன்னொரு முறை என்றால்

அந்தப் பதில் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பெரிய முயலின் கல்லீரலையும் மண்ணீரலையும் பரிசோதித்துவிட்டுக் குழியில் போட்டேன். ஒரு துண்டை உறைபெட்டியில் வைத்திருந்தால், சாவு தொடர்ந்திருந்தால் வைரஸ் சோதனைக்கு அனுப்பியிருக்கலாம். என் முடிவு பலித்ததால் அது சரியான வழிமுறை ஆகிவிடாது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த வளர்ந்த முயல்கள் வெயில் இல்லாத இரவில் கூட்டமாகச் செத்தால், இனி நான் முதலில் மாதிரியை எடுத்துவைத்து, கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன்.

தொலைபேசியில் குட்டிச் சாவு என்று யார் சொன்னாலும் ஒன்றையாவது எடுத்து வரச் சொல்கிறேன். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற கேள்வியைப் பதிவேட்டின் முதல் வரியாக அச்சடித்துவிட்டோம்.

தடுப்பூசி இங்கே முறையாகக் கிடைக்கும் நாள் வந்தால் போடுவேன். அந்த நாளிலும் மாடிப்படிக் கூண்டு தேவைப்படும். புதிய முயல் முப்பது நாள் அதில் இருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் இப்போது என்னைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறார். தீபாவளிக்குப் பேரனுக்கு யாரோ ஒரு குட்டி கொடுத்தார்களாம். பையன் அழ அழ அதைப் படிக்கு அடியில் வைத்துவிட்டு, நோட்டில் நீல மையால் தேதி போட்டிருந்தார்.